கவிழ்த்தவரைத் தூக்கிவிட்டவர்கள்

ஃபிஜியின் சிதிவேனி ரபுகாவைப் பற்றிய செய்திகளில் பொதுவாக இரண்டு ரபுகாக்கள் வருகிறார்கள். ஒருவர், இந்திய வம்சாவளியினர் பெருமளவில் பங்கேற்ற அரசை 1987இல் துப்பாக்கி முனையில் கவிழ்த்த லெப்டினன்ட் கர்னல். மற்றவர், 2023இல் அதே மக்களிடம் மன்னிப்புக் கேட்ட பிரதமர். இடையில் உள்ள முப்பத்தாறு ஆண்டுகள் விடுபட்டுப்போவதால், முரட்டுச் சிப்பாய் ஒருவர் முதுமையில் மனம் திருந்தினார் என்று கதை முடிந்துவிடுகிறது. மனம் திருந்தினாரா என்பது அவருக்கும் அவர் தொழும் கர்த்தருக்கும் இடையிலான விஷயம். நாம் கணக்குப் பார்க்க முடிந்தது வேறு. 1987இல் அவர் கவிழ்த்த அரசு இரு கட்சிகளின் கூட்டணி: ஒன்று ஃபிஜி தொழிலாளர் கட்சி, இன்னொன்று தேசியக் கூட்டமைப்புக் கட்சி. 1992இல் அவர் முதன்முறையாகப் பிரதமரானபோது கைகொடுத்தது தொழிலாளர் கட்சி. 2022இல் மறுபடியும் பிரதமரானபோது கைகொடுத்தது தேசியக் கூட்டமைப்புக் கட்சி. தம்மைக் கவிழ்த்தவரை இருவரும் ஆளுக்கொரு முறை நாற்காலியில் ஏற்றியிருக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

முதலில், பசிபிக் கடலின் நடுவே பகை நாடு என்று எதுவுமே இல்லாத ஒரு தீவுக் கூட்டத்துக்கு ராணுவம் எதற்கு? பெரிதாகத் தேவைப்படவில்லை என்பதே உண்மை. பிரிட்டன் தன் போர்களுக்கு ஆள் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளுக்கும், 1950களில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து மலாயாக் காடுகளுக்கும் ஃபிஜி வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். 1970இல் விடுதலை கிடைத்தபோது படையில் இருந்தவர்கள் சில நூறு பேர். 1978இல் ஐ.நா. அமைதிப் படைக்காக லெபனானுக்கு ஒரு பட்டாலியனை அனுப்ப ஃபிஜி ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் சினாய்க்கும் ஒன்று போனது. வெளிநாட்டில் அமைதி காக்கவென்று ஆள் சேர்த்ததில், சில ஆண்டுகளிலேயே படை இரண்டாயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. அயல்நாட்டு அமைதிக்காகப் பெருத்த அந்தப் படைதான் சொந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது.

அந்தப் படையில் இந்திய வம்சாவளியினர் கிட்டத்தட்ட இல்லை. இதற்கும் போர்க்காலத்தில்தான் வேர் இருக்கிறது. வெள்ளையருக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுத்தால் படையில் சேர்கிறோம் என்று இந்தியர்கள் கேட்டார்கள். காலனி அரசு மறுத்தது. பூர்வகுடித் தலைவர்களோ தங்கள் இளைஞர்களைத் திரட்டி அனுப்பினார்கள். போதாக்குறைக்கு 1943இல் கரும்பு விவசாயிகளின் வேலைநிறுத்தமும் வந்தது. நியாயமான கூலி கேட்டது, நாட்டின் ஆபத்துக் காலத்தில் கைவிட்டதாகப் பதிவானது. நாட்டுக்காக உயிர் கொடுத்தது யார் என்ற கேள்வி அதன்பின் ஃபிஜி அரசியல் மேடைகளில் ஓயவே இல்லை.

ரபுகா இந்தப் படையின் பிள்ளை. 1948இல் வனுவா லேவு தீவின் நகோபோ கிராமத்தில் பிறந்தவர். தலைவர் குடும்பம் அல்ல, சாதாரணக் குடி. பிறப்பைப் பார்த்தே மரியாதை கொடுக்கும் சமூகத்தில் இது சிறு விஷயமில்லை. நாட்டுக்காக ரக்பி ஆடினார். 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டிகளில் குண்டும் வட்டும் எறிந்தார். லெபனானிலும் சினாயிலும் பணியாற்றினார். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்வார். நமக்குச் சற்றே நெருக்கமான ஒரு தகவல்: அவர் மேற்பயிற்சி பெற்றது குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில். நீலகிரியில் படித்துவிட்டுப் போனவர் ஒருவர்தான், தமிழகத்திலிருந்து 1903 முதல் கப்பலேறிய கூலிகளின் பேரப்பிள்ளைகளை இரண்டாந்தரக் குடிமக்களாக்கினார்.

ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான லியோனிடாஸ் கல்கத்தாவிலிருந்து ஃபிஜி வந்து சேர்ந்தது 1879 மே 14. 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடியது இந்த மண்ணை நினைத்துத்தான். பூர்வகுடியினரை அவர்கள் நிலத்திலிருந்து பிடுங்கக் கூடாது என்று ஆளுநர் ஆர்தர் கார்டன் வகுத்த கொள்கையின் மறுபக்கமே இந்தியக் கூலி இறக்குமதி. பூர்வகுடிக்கு நிலம், இந்தியருக்கு உழைப்பு, ஆஸ்திரேலியச் சர்க்கரைக் கம்பெனிக்கு லாபம். நிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் விற்கவே முடியாதபடி பூர்வகுடிக் குலங்களின் பெயரில் இருந்தது. இந்தியர்கள் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டார்கள். 1986 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 49 விழுக்காடு, பூர்வகுடியினர் 46.

1987 ஏப்ரல் தேர்தலில் 52 இடங்களில் 28ஐத் தொழிலாளர் கட்சியும் தேசியக் கூட்டமைப்புக் கட்சியும் சேர்ந்த கூட்டணி வென்றது. விடுதலை முதல் பதினேழு ஆண்டுகள் ஆண்ட ராட்டு மாராவின் அலையன்ஸ் கட்சி தோற்றது. உடனே எழுந்த குரல், இந்தியர்கள் நாட்டைப் பிடித்துவிட்டார்கள் என்பது. இன்றுவரை பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், இரக்கப்பட்டு எழுதுபவர்கள் உட்பட. அரசின் தலைவர் திமோதி பவந்திரா பூர்வகுடியைச் சேர்ந்த மருத்துவர். மேற்குப் பகுதியின் விசேசேய் கிராமத்துக்காரர். நிலம் பறிபோகும் என்ற அச்சமும் சட்டத்தின் முன் நிற்காது. 1970 அரசியல் சட்டப்படி பூர்வகுடி நிலச் சட்டங்களைத் தொட வேண்டுமானால், 22 பேர் கொண்ட மேலவையில், பூர்வகுடித் தலைவர்களின் அவையான பெருந்தலைவர் பேரவை நியமித்த எட்டுப் பேரில் ஆறு பேர் சம்மதிக்க வேண்டும். எத்தனை இந்தியர் வென்று வந்தாலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. உண்மையில் அதிகாரம் நழுவியது கிழக்குத் தீவுகளின் பெருந்தலைவர் குடும்பங்களிடமிருந்து. ஆனால் ‘நாங்கள் தோற்றோம்’ என்பதைவிட ‘நம் இனம் தோற்றது’ என்பதற்குத்தான் தெருவில் கூட்டம் சேரும்.

மே 14, காலை பத்து மணி. லியோனிடாஸ் வந்த அதே தேதி. ரபுகா சிவில் உடையில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். முகமூடி அணிந்த பத்து வீரர்கள் அவைக்குள் நுழைந்து, பவந்திராவையும் அவருடைய உறுப்பினர்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு குண்டு பாயவில்லை. படையின் மூன்றாம் நிலை அதிகாரி செய்த வேலை இது. தளபதி அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார்; அவர் ராட்டு மாராவின் மருமகன் என்பதையும் சொல்லி வைக்கலாம், அங்கே எல்லாரும் எல்லாருக்கும் உறவு. கவர்னர் ஜெனரல் பெனாயா கனிலாவ், ரபுகாவின் சொந்த மாகாணத்து உயர்குடித் தலைவர். அவர் முதலில் கவிழ்ப்பை ஏற்க மறுத்தார், பிறகு சமரசம் தேடினார். மாராவும் பவந்திராவும் சேர்ந்து ஆள்வது என்று செப்டம்பர் 23 அன்று ஒப்பந்தமும் ஆயிற்று. இரண்டே நாளில், செப்டம்பர் 25 அன்று, ரபுகா மறுபடியும் படையை இறக்கினார். அக்டோபரில் நாட்டைக் குடியரசாக அறிவித்தார். காமன்வெல்த்தில் இருந்த இடமும் போயிற்று.

இரண்டாவது கவிழ்ப்பைத்தான் அவருடைய ஆதரவாளர்களால் நியாயப்படுத்த முடிவதில்லை. முதலாவதற்கு, பீதி கொண்ட கூட்டம் தெருவில் இருந்தது என்றாவது சொல்லலாம். இரண்டாவது, தன் இனத்தின் மூத்த தலைவரும் ஒப்புக்கொண்ட உடன்பாட்டை ஒரு ராணுவ அதிகாரி தன் விருப்பத்துக்குக் கிழித்தெறிந்தது. மறு ஆண்டு வெளிவந்த அவரது வாழ்க்கை நூலின் தலைப்பு, வேறு வழியில்லை என்ற பொருள் தருவது. வழி இருந்தது, கையெழுத்தும் ஆகியிருந்தது.

விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாணய மதிப்பு ஒரே ஆண்டில் இரண்டு முறை குறைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை, வியாபாரம், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் தடை வந்தது. 1989இல் இந்தியத் தூதர் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு தூதரகமே மூடப்பட்டது. மருத்துவர், ஆசிரியர், கணக்கர் என்று படித்த இந்திய வம்சாவளியினர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். 1996 கணக்கெடுப்பில் அவர்கள் 44 விழுக்காடு. பூர்வகுடியினர் பாதியைத் தாண்டியிருந்தனர்.

1990இல் வந்த அரசியல் சட்டம் ரபுகாவின் கவிழ்ப்பு ஈன்ற பிள்ளை. எழுபது இடங்களில் 37 பூர்வகுடியினருக்கு, 27 இந்தியருக்கு. பிரதமர் பதவி பூர்வகுடியினருக்கு மட்டும். பெரும்பான்மைக்கு 36 போதும் என்பதால், பூர்வகுடியினர் ஒன்றாக நின்றால் இந்தியர் வாக்கு யாருக்கும் தேவைப்படாது. ஆனால் ஒன்றாக நிற்க ஒரு காரணம் வேண்டுமே. இந்தியர் ஆட்சிக்கு வரவே முடியாது என்று சட்டமே எழுதிவைத்த பிறகு, அச்சத்தால் கட்டுண்டு கிடந்த பழைய பகைகள் எல்லாம் அவிழ்ந்துகொண்டன: கிழக்கு, மேற்கு, நகரம், கிராமம், பெருந்தலைவர், சாதாரணர். 37 இடங்களில் ஐந்தே ஐந்துதான் நகரத்துப் பூர்வகுடியினருக்கு ஒதுக்கப்பட்டன. நகரத்துக்குக் குடியேறியவர்களுக்கு அதில் கோபம். பெருந்தலைவர் பேரவையின் ஆதரவில் தொடங்கப்பட்ட எஸ்.வி.டி. கட்சியின் தலைமைப் போட்டியில், பிரதமர் மாராவின் மனைவியும் தாமே பெருந்தலைவியுமான அடி லாலாவை ரபுகா தோற்கடித்தார். சாதாரணக் குடியில் பிறந்தவர் ஒருவர் பேரவையின் கட்சியையே கைப்பற்றியதைப் பல பெருந்தலைவர்கள் மன்னிக்கவில்லை.

ஆகவே 1992 தேர்தலில் எஸ்.வி.டி.க்குக் கிடைத்தது 30. ஆறு குறைந்தது. கட்சிக்குள்ளேயே ஜோசபதா கமிகமிசா பிரதமர் பதவிக்குப் போட்டியாக நின்றார். தேசியக் கூட்டமைப்புக் கட்சி அவர் பக்கம் சாய்ந்தது. ரபுகா கதவைத் தட்டியது மகேந்திர சௌத்ரியின் தொழிலாளர் கட்சியில். அரசியல் சட்டத்தை மறுபரிசீலனை செய்வதாக வாக்குக் கொடுத்தால் ஆதரிப்போம் என்றார் சௌத்ரி. ரபுகா வாக்குக் கொடுத்தார், பிரதமரானார். தமக்குக் கொடுத்த வாக்குறுதிகள் காற்றில் போயின என்று சொல்லித் தொழிலாளர் கட்சி மறு ஆண்டே அவையைவிட்டு வெளிநடப்புச் செய்தது வேறு கதை.

1993 நவம்பரில் சொந்தக் கட்சிக்காரர்களே வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்து அரசைக் கவிழ்த்தார்கள். நாடாளுமன்றத்துக்குள்ளேயே, துப்பாக்கியில்லாமல், அரசு கவிழ்வதை ரபுகா அன்று அனுபவித்தார். மறு தேர்தலில் வென்று வந்த ரபுகாவிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. அதற்கு நான் தரும் காரணம் எளிது: தன் இனத்துக்காகக் கட்டிய வேலிக்குள்ளேயே தன்னைக் கடித்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஆட்சியும் சுத்தமாக இல்லை. அவருடைய காலத்தில்தான் ஃபிஜி தேசிய வங்கி ஏறத்தாழ 22 கோடி ஃபிஜி டாலர் வாராக்கடனில் மூழ்கியது. 1997 முதல் கரும்பு நிலக் குத்தகைகள் முடியவிருந்தன. வெளிநாட்டு முதலீடும் காமன்வெல்த்தும் திரும்ப வர வேண்டுமானால் 1990 சட்டம் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நியூசிலாந்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் பால் ரீவ்ஸ் தலைமையில் மூவர் ஆணையம் அமைந்தது. ரபுகா தரப்பில் தோமசி வகதோரா. எதிர்க்கட்சியின் தேர்வாக வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், ஒப்பந்தக் கூலியின் பேரன். கூடவே ரபுகாவுக்கும் தேசியக் கூட்டமைப்புக் கட்சித் தலைவர் ஜெய் ராம் ரெட்டிக்கும் இடையே மெல்ல ஒரு நம்பிக்கை வளர்ந்தது. 1997 ஜூனில் ரெட்டி பெருந்தலைவர் பேரவையில் பேசினார். இந்திய வம்சாவளித் தலைவர் ஒருவர் அங்கே பேசியது அதுவே முதல்முறை. ஜூலையில் புதிய அரசியல் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. பிரதமர் பதவிக்கு இருந்த இனத்தடை நீங்கியது. 71 இடங்களில் 25 எல்லா இனத்தவரும் சேர்ந்து வாக்களிக்கும் பொது இடங்கள். பத்து விழுக்காடு இடம் பெற்ற எந்தக் கட்சிக்கும் அமைச்சரவையில் பங்கு. பத்தாண்டுகளுக்கு முன் இதே மனிதர் எதைத் தடுக்கத் துப்பாக்கி எடுத்தாரோ, அதை இப்போது அவரே அனுமதித்தார்.

1999 மே தேர்தலில் ரபுகாவும் ரெட்டியும் கூட்டுச் சேர்ந்தார்கள். இருவரையும் அவரவர் மக்கள் தண்டித்தார்கள். இதில் தேர்தல் முறையின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. புதிய முறையில் வாக்காளர் வேட்பாளர்களை வரிசைப்படுத்தலாம். அல்லது ஒரு கட்சியின் சின்னத்தில் மட்டும் குறியிட்டு, வரிசைப்படுத்தும் வேலையைக் கட்சியிடமே விட்டுவிடலாம். பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்தார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காத தொகுதிகளில், கட்சிகள் பின்கதவில் பேசி முடித்த வரிசை வெற்றியைத் தீர்மானித்தது. சௌத்ரி அந்த வரிசையில் ரபுகாவின் பூர்வகுடி எதிரிகளை முன்னே நிறுத்தினார். இந்தியர் வாக்கில் மூன்றிலொரு பங்கை ஒட்டிப் பெற்ற ரெட்டியின் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. ரபுகாவின் கட்சிக்கு எட்டு. தொழிலாளர் கட்சிக்கு 37. மிதவாதிகளைக் கூட்டிவைக்கும் என்று வடிவமைத்த முறை மிதவாதிகள் இருவரையும் துடைத்துப்போட்டது.

ரபுகாவின் வாழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த நாட்கள். படையில் அவர் பெயருக்கு இன்னும் மரியாதை இருந்தது. தெருவில் கோபக்காரர்கள் இருந்தார்கள். வெற்றி பெற்றவரோ இந்திய வம்சாவளியினர். 1987இல் இல்லாத அந்தச் சாக்கு இப்போது நிஜமாகவே கையில் இருந்தது. அவர் விலகிக்கொண்டார். 1999 மே 19 அன்று மகேந்திர சௌத்ரி ஃபிஜியின் முதல் இந்திய வம்சாவளிப் பிரதமராகப் பதவியேற்றார். அடுத்த ஆண்டு அதே மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் என்ற வணிகரும் ஆயுதம் ஏந்திய கூட்டமும் நாடாளுமன்றத்தில் புகுந்து அவரை 56 நாள் பிணையாக வைத்திருந்தனர். ஸ்பைட்டுக்கு வழிகாட்டியது 1987. ரபுகா 1999இல் ஒதுங்கியதை மெச்சும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்: ஒருமுறை திறந்த வாசலை, திறந்தவர் விரும்பினாலும் மூட முடியவில்லை. 2000 நவம்பரில் படைமுகாமில் கலகம் நடந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதைத் தூண்டியதாக ரபுகா மீதும் வழக்கு வந்தது. 2006 டிசம்பர் 11 அன்று விடுதலையானார். அந்தக் கலகத்தில் உயிர்தப்பிய தளபதி ஃபிராங்க் பைனிமராமா, தீர்ப்புக்கு ஆறு நாள் முன்புதான் தன் பங்குக்கு ஆட்சியைக் கவிழ்த்திருந்தார்.

பைனிமராமா சொன்ன காரணம் ரபுகாவினுடையதற்கு நேர்மாறு. இனவாதத்தை ஒழிக்கிறேன் என்றார். அவருடைய 2013 அரசியல் சட்டம் இன ஒதுக்கீட்டு இடங்களை முற்றாக நீக்கியது. எல்லாக் குடிமக்களும் ஃபிஜியர் என்றது. இந்திய வம்சாவளியினர் பலர் அவருக்கு வாக்களித்ததில் வியப்பில்லை. அதே சட்டம் நாட்டின் பாதுகாப்புக்கும் நலவாழ்வுக்கும் ஒட்டுமொத்தப் பொறுப்பு ராணுவத்துடையது என்றும் எழுதியது. அதே ஆட்சிதான் 2009இல் பிரிஜ் லாலை நாட்டைவிட்டு வெளியேற்றியது. அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 2021இல் பிரிஸ்பேனில் இறந்தார். கவிழ்ப்பின் நோக்கம் நல்லதாக இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு ஃபிஜி இரண்டு விதமாகவும் சோதனை செய்து பார்த்துவிட்டது.

2022 டிசம்பரில் பைனிமராமா கட்சிக்கு 26 இடம், ரபுகாவின் புதிய மக்கள் கூட்டணிக்கு 21, பிமன் பிரசாத் தலைமையிலான தேசியக் கூட்டமைப்புக் கட்சிக்கு 5, சொடெல்பா கட்சிக்கு 3. மொத்தம் 55. பதினாறு ஆண்டு ஆட்சியில் சலித்துப்போன பிரசாத்துக்கு, தன் கட்சியை அன்று கவிழ்த்தவரோடு சேர்வதா, இன்று ஆள்பவரைத் தொடர விடுவதா என்பதே தேர்வு. அவர் தேர்தலுக்கு முன்பே ரபுகாவோடு சேர்ந்துவிட்டார். ரபுகா ஒருகாலத்தில் தலைமை தாங்கிப் பிறகு பிரிந்து வந்த சொடெல்பாவின் நிர்வாகக் குழு இரண்டு முறை கூடி வாக்கெடுத்து, கடைசியில் 13க்கு 12 என்று அவர் பக்கம் வந்தது. டிசம்பர் 24 அன்று நாடாளுமன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பு. 29 கிடைக்க வேண்டும். ஒருவர் மாறிப் போட்டதால் 28க்கு 27. நிதியமைச்சரானவர் பிமன் பிரசாத்.

2023 மே 14 அன்று, சுவாவில் மெதடிஸ்ட் திருச்சபை நடத்திய நல்லிணக்க வழிபாட்டில், 1987 கவிழ்ப்பில் ஈடுபட்டோர் சார்பில் ரபுகா மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தக் கூலிகளின் வருகை நாள் முதன்முறையாக அரசு விடுமுறையானது. அந்த மன்னிப்பை ஏற்றவர்களும் உண்டு. போனவர்கள் போனதுதானே என்றவர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மன்னிப்பு வேறு, பொறுப்பேற்பு வேறு. 1990 முதல் வந்த ஒவ்வொரு அரசியல் சட்டமும் 1987இல் ஆட்சியைக் கவிழ்த்தவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தந்திருக்கிறது. 2013 சட்டத்தில் அதற்கென்று தனி அத்தியாயமே உண்டு. சட்டத்தின் வேறு எந்தப் பகுதியைத் திருத்தினாலும் இந்த அத்தியாயத்தை மட்டும் மறுபரிசீலனை செய்யவோ, மாற்றவோ, நீக்கவோ கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எழுதியது பைனிமராமாவின் அரசு. 1987, 2000, 2006 என மூன்று காலத்துக்குமான பாதுகாப்பும் அதில் சேர்ந்தே இருக்கிறது.